தகராறு காத்த கட்டடம்: சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையம்

1998 ஆகஸ்ட் முதல் 2011 ஜூன் வரை சிங்கப்பூரிலிருந்து ரயிலேறி மலேசியாவுக்குப் போனவர்கள் எல்லையைத் தலைகீழாகக் கடந்தார்கள். நகரின் தென்கோடியில், கெப்பல் சாலையிலிருந்த தஞ்சோங் பகார் நிலையத்தில் மலேசியக் குடிநுழைவு அதிகாரிகள் முதலில் அவர்களைத் தம் நாட்டுக்குள் ஏற்றுக்கொள்வார்கள். பிறகு ரயில் சிங்கப்பூர் மண்ணிலேயே இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸில் நிற்கும். அங்கே எல்லோரும் இறங்கி, சிங்கப்பூர் அதிகாரிகளிடம் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு நாட்டை விட்டு வெளியேறுவார்கள். நுழைந்த பிறகு புறப்பாடு! இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பயணி சட்டப்படி எந்த நாட்டில் இருந்தார் என்று கேட்டால் இரு அரசுகளும் இரு பதில் சொல்லும்.

வேடிக்கையாகத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் எண்பது ஆண்டு நில உரிமை வரலாறு இருக்கிறது. அந்த வரலாறுதான் தஞ்சோங் பகார் கட்டடத்தை இடிபடாமல் காத்தது என்பது என் எண்ணம். 2011இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதைப் பாதுகாப்பின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, காப்பாற்றும் நோக்கம் யாருக்கும் இல்லாமலே, அது காப்பாற்றப்பட்டுவிட்டது.

சிங்கப்பூரின் முதல் ரயில் ஓடியது 1903இல். டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட பாதை, சில மாதங்களில் தீவின் வடகரையிலுள்ள உட்லண்ட்ஸை எட்டியது. அங்கிருந்து ஜோகூருக்குப் படகு. மலாயாவின் ரயில் பாதைகள் 1909இல் ஜோகூர் பாரு வரை வந்துவிட்டபோதும் நடுவில் நீரிணை குறுக்கே கிடந்தது. 1923இல் அதன் மேல் அமைந்த தரைப்பாலத்தில் சரக்கு ரயிலும் பிறகு பயணிகள் ரயிலும் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28 அன்று பாலத்துக்கு முறையான திறப்பு விழா நடந்தது. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கருங்கல் அணைதான். ஆனாலும் அதன் பிறகு சிங்கப்பூரில் ரயிலேறுகிறவர் கோலாலம்பூர் வழியாகப் பினாங்கின் எதிர்க்கரை வரை தரையிலேயே போய்விடலாம்.

இதற்கு நடுவே, 1918இல், அதிகம் பேசப்படாத ஒரு சட்டம் நிறைவேறியது. சிங்கப்பூரின் ரயில் பாதையும் அதன் நிலங்களும் மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வேக்கு மாற்றப்பட்டன. நிலங்களின் பெரும்பகுதிக்கு 999 ஆண்டுக் குத்தகை. கணக்குப் பார்த்தால் 2917 வரை. கொடுத்ததும் பிரிட்டிஷ் நிர்வாகம், வாங்கியதும் பிரிட்டிஷ் நிர்வாகம். ஒரே முதலாளியின் இரு கணக்குப் புத்தகங்களுக்கு இடையே எழுதப்பட்ட வரவு செலவாகவே அன்று அது தெரிந்திருக்கும். 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது அந்தப் பழைய பதிவு ஒரே நாளில் உயிர்பெற்றது. புதிய குடியரசின் நடுமுதுகில் வடக்கிலிருந்து தெற்காக ஓடிய ஒரு நிலத்துண்டும், துறைமுகத்தை ஒட்டிய ஒரு பெரிய நிலையமும் அண்டை நாட்டு ரயில்வேயின் சொத்தாகிவிட்டிருந்தன.

அந்தப் பெரிய நிலையத்துக்கு முன்பிருந்த டேங்க் ரோட் முனையம் துறைமுகத்திலிருந்து விலகியிருந்தது. பாதை நகரச் சாலைகளைக் குறுக்கே வெட்டிய இடங்களில் நெரிசலும் வளர்ந்துகொண்டே போனது. புக்கிட் தீமாவிலிருந்து மேற்காக ஒரு மாற்றுப்பாதை போட்டு, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் புது முனையம் கட்டுவது என்று முடிவாயிற்று. 1932 மே 2 அன்று ஆளுநர் சர் சிசில் கிளமெண்டி தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஆசியக் கண்டத்தின் தென்கோடியில், நிலவழியும் கடல்வழியும் வான்வழியும் சந்திக்கும் புள்ளியில் நிற்கிறோம் என்ற பொருளில் அவர் பேசினார். பேரரசின் பெருமிதம் அந்தப் பேச்சில் இருந்தது. கட்டடத்தில் அது இன்னும் அதிகமாகவே இருந்தது.

வடிவமைத்தவர் சுவான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் டி. எஸ். பெட்ரோவிச். கோலாலம்பூரில் 1910இல் ஏ. பி. ஹப்பக் எழுப்பிய ரயில் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டடம் வேறொரு யுகத்தைச் சேர்ந்ததாகத் தோன்றும். அங்கே குமிழ் மாடங்களும் சத்திரிகளும், வட இந்தியாவிலிருந்து பெயர்த்து வைத்ததுபோல. இங்கே கான்கிரீட்டில் நேர்கோடுகள், உயர்ந்த வளைவு நுழைவுகள், ஆர்ட் டெகோ பாணியின் இறுக்கம். முகப்பில் வெண்பளிங்கில் நான்கு பெரிய உருவங்கள், இத்தாலியக் கைவண்ணம். வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றின் உருவகங்கள் அவை. அவற்றோடு ரயில்வேயின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் நான்கும் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே ஏறக்குறைய 22 மீட்டர் உயரத்தில் பீப்பாய் வளைவுக் கூரை. மாடியில் பயணிகளுக்கான ஹோட்டல். நீண்ட அஞ்சல் ரயில்கள் முழுதாக நிற்கும் அளவுக்கு நடைமேடைகள். பாதை முடியும் இடத்தில், வந்து மோதும் வண்டியின் விசையை உள்வாங்க நீரழுத்தத் தடுப்புகள்.

மண்டபத்தின் பக்கச் சுவர்களிலுள்ள சித்திரப் பலகைகளைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ரப்பர் பால் வெட்டுதல், நெல் நடவு, ஈயச் சுரங்கம், கொப்பரை, மாட்டு வண்டி, கப்பல் எனக் காலனிய மலாயாவின் பொருளாதாரம் முழுவதும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. அதே 1932இல் நிஜத் தோட்டங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பால் வெட்டும் கை சுவரில் ஏறியபோது அந்தக் கைக்கு உரியவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் வெறுங்கையோடு இறங்கினார்கள். அழகான சித்திரங்கள்தான். ஆனாலும் இந்தப் பின்னணியை ஒரு வரியிலேனும் எழுதி வைக்காமல் அவற்றைக் ‘கலை மரபு’ என்று மட்டும் அறிமுகப்படுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

தமிழர்களுக்கும் மலாயா ரயில்வேக்கும் உள்ள உறவு அந்தச் சுவர்ச் சித்திரங்களை விடப் பழையது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே போடப்பட்டபோதே இலங்கையிலிருந்து வந்த முன்னோடித் தொழிலாளர் படை அதில் வேலை செய்தது. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த இளைஞர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் வந்தார்கள். தண்டவாளம் போட்டதும், சரளைக் கல் கொட்டியதும், புல் செதுக்கியதும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கூலிகள். மேசைக்கு ஒரு தமிழர், மண்வெட்டிக்கு ஒரு தமிழர். இருவரும் ஒரே குடியிருப்பில் வாழ்ந்தாலும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. தஞ்சோங் பகார் திறந்த அதே 1932இல், குவீன்ஸ்டவுன் பகுதியில் தண்டவாளத்தின் ஓரத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் குடிசை போட்டு முனீஸ்வரனை வைத்து வழிபடத் தொடங்கினார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்தின் தொடக்கம் அதுதான். ரயிலும் ஊழியர்களும் போன பிறகும் நிலைத்திருக்கும் அந்தக் கோயிலை, நிலையத்தின் வரலாற்றில் ஒரு அத்தியாயமாகவே வைக்க வேண்டும்.

போரின் ஆண்டுகளை விரிவாகச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். இங்கே ஒரு செய்தி போதும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிறகு, சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்காகப் போர்க் கைதிகள் சிங்கப்பூரிலிருந்து அடைத்த சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டார்கள். தாய்லாந்தின் பான் போங் வரை நான்கைந்து நாள் பயணம். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதே பாதையில் வடக்கே போனார்கள். அவர்களில் திரும்பி வராதவர்களின் எண்ணிக்கைக்கு இன்றுவரை முழுமையான பட்டியல் கிடையாது.

1965க்குப் பிறகு சிங்கப்பூர் தன்னை எப்படித் திருத்தி எழுதிக்கொண்டது என்பது தெரிந்ததே. நிலம் மிகக் குறைவு. ஆகவே எந்தக் கட்டடமும் தன் இருப்புக்குத் தினமும் காரணம் சொல்லியாக வேண்டும். விடுதலைக்கால நினைவுகள் படிந்த தேசிய அரங்கம் 1986இல் இடிக்கப்பட்டது. ஸ்டாம்ஃபர்ட் சாலையின் தேசிய நூலகம், மக்கள் எதிர்ப்பையும் மீறி, ஒரு சுரங்கச் சாலைக்கு வழிவிட 2004இல் மூடப்பட்டுப் பின்னர் தரைமட்டமானது. சொந்தக் குடிமக்கள் விரும்பிய நூலகத்துக்கே இந்தக் கதி என்றால், துறைமுகத்தையும் வணிக மையத்தையும் ஒட்டிய பொன்னான நிலத்தில், நாளுக்குச் சில ரயில்கள் மட்டும் வந்துபோகும் காலனியக் கட்டடம் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

அது தாங்கியதற்குக் காரணம் எளியது: அதைத் தொடும் உரிமை சிங்கப்பூருக்கு இல்லை. உரிமை பெற்றிருந்த மலேசிய ரயில்வேக்கோ அதில் பெரிதாகச் செலவழிக்கும் ஆர்வம் இல்லை, விட்டுப்போகவும் மனமில்லை. சுற்றிலும் அடுக்குமாடிகளும் மேம்பாலங்களும் எழுந்தபோது நிலையத்தின் உள்ளே மின்விசிறிகள் மெல்லச் சுற்றின. உணவுக் கடைகளில் பரோட்டாவும் தேநீரும் விற்றன. பணம் மாற்றும் கடை நடந்தது. பயணிகளை மலேசியாவுக்கு வரவேற்கும் பலகை சிங்கப்பூரின் நடுவே தொங்கியது. சிங்கப்பூரர்கள் பலர் ரயிலேறாமலே, சாப்பிட மட்டும் அங்கே போனார்கள். வேறெங்கும் கிடைக்காத ஒரு பழைய மெத்தனம் அங்கே கிடைத்தது என்று நினைக்கிறேன். அதை மரபு என்பதா, பராமரிப்பின்மை என்பதா? இரண்டும் அங்கே ஒன்றாகத்தான் கிடந்தன.

சிக்கலை அவிழ்க்கும் முதல் முயற்சி 1990 நவம்பர் 27 அன்று நடந்தது. பிரதமர் பதவியிலிருந்து விலகுவதற்கு முந்தைய நாள், லீ குவான் யூ மலேசிய நிதியமைச்சர் டாயிம் ஜைனுதீனுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தஞ்சோங் பகாரிலிருந்து நிலையத்தை விலக்குவது, தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களின் நிலத்தை 60க்கு 40 என்ற பங்கில் இரு நாடுகளும் கூட்டாக வளர்ப்பது என்பவை அதன் சாரம். கையெழுத்தின் மை காயும் முன்பே பொருள் குறித்த சண்டை வந்தது. ஒப்பந்தம் உடனே நடப்புக்கு வந்துவிட்டது என்றது சிங்கப்பூர். எப்போது நகர்வது என்பது எங்கள் விருப்பம் என்றது மலேசியா. தண்ணீர் விலை உள்ளிட்ட பிற தகராறுகளும் இதோடு ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன. 1998 ஆகஸ்ட் 1 அன்று சிங்கப்பூர் தன் சோதனைச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்ற, மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரை விட்டு அசைய மறுத்தார்கள். தொடக்கத்தில் சொன்ன தலைகீழ்ப் பயணம் பிறந்தது அப்படித்தான்.

தீர்வு வர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2010இல் இரு நாட்டுப் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் உடன்பட்டார்கள்: 2011 ஜூலை 1 முதல் ரயில் உட்லண்ட்ஸோடு நின்றுவிடும், ரயில்வே நிலங்கள் சிங்கப்பூருக்கு வரும், ஈடாக மரினா சவுத்தில் நான்கு மனைகளும் ஓஃபிர்–ரோச்சோர் பகுதியில் இரண்டும் இரு நாடுகளின் கூட்டு நிறுவனத்துக்குப் போகும். மரினா ஒன், டுவோ என்ற பெயர்களில் இன்று அங்கே நிற்கும் உயர்ந்த கட்டடங்கள் பழைய தண்டவாள நிலத்தின் மறுபிறவிகள். 1990 ஒப்பந்தம் சொன்ன மூன்று மனைகளுக்கான மேம்பாட்டுக் கட்டணம் பற்றிக்கூட இரு நாடுகளும் நடுவர் மன்றம் வரை போய், 2014இல் அந்தக் கூட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு வாங்கின. இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பயணிகள் முனையக் கட்டடம் இடிக்கப்படாது என்ற முடிவு பேரத்தின் மிகச் சிறிய வரி. 2011 ஏப்ரல் 9 அன்று அது தேசிய நினைவுச்சின்னமானது. புக்கிட் தீமா நிலையம் அதற்கடுத்த மாதம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலைத் தஞ்சோங் பகாரிலிருந்து ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். பார்க்கக் கூடிய கூட்டத்தில் இரு நாட்டவரும் இருந்தார்கள். தொடர்ந்து வந்த ஜூலையில் சில நாள்கள் பொதுமக்கள் தண்டவாளத்தின் மேலேயே நடக்க அனுமதிக்கப்பட்டார்கள். பிறகு கம்பிகளும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு மலேசிய ரயில்வேயிடம் ஒப்படைக்கப்பட்டன. இரு நிலையங்களிலும் இரும்புப் பாலங்களிலும் மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கேள்விகள் எழுகின்றன. புக்கிட் தீமா நிலையம் மிகச் சிறியது. செங்கல் கட்டடம், எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்கி நிற்க ஒரு கிளைப்பாதை. அங்கே நடந்த வேலைதான் அரியது. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமலிருக்க, ஒரு பகுதியின் இரு முனைகளிலும் மின்கம்பியால் பிணைக்கப்பட்ட பெட்டிகள் இருக்கும். இரண்டிலும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கனைத்தான் எடுக்க முடியும். அது கையிலிருக்கும் ஓட்டுநர் மட்டுமே அந்தப் பகுதிக்குள் நுழையலாம். வண்டி வேகம் குறைந்து நகரும்போதே, வளையத்தில் கோத்த டோக்கனை நிலைய ஊழியர் நீட்ட, எஞ்சினில் இருப்பவர் வாங்கிக்கொண்டு பழையதை வீசிவிட்டுப் போவார். நிமிடத்துக்கு நிமிடம் கணினி இயக்கும் எம்ஆர்டி மெட்ரோ ரயில் ஓடும் ஊரில் இந்தக் கைமாற்று 2011 வரை நடந்தது. 2022 ஜூலையில் அந்த நிலையம் சமூக இடமாகத் திறக்கப்பட்டது. ஊழியர் குடியிருப்பு காபிக்கடையாகியிருக்கிறது. சீரமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அங்கே வருகிற ஒரு குழந்தைக்கு ரயில் எப்படி ஓடியது என்பது புரியுமா? கட்டடம் காப்பாற்றப்பட்டது, அதற்குள் நடந்த தொழில் படத்தோடும் குறிப்போடும் நின்றுவிட்டது.

பாதையின் கதை வேறு. 2010இலேயே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இந்த நிலத்தைத் துண்டு போடாமல் பசுமைப் பாதையாக வைக்க வேண்டும் என்று கோரியது. அரசு அதை ஏற்றது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள ‘ரயில் காரிடார்’ இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் பறவைகளுக்கும் உரியது. நில விலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்பது புரியும். இதுவும் பழைய தகராறின் கொடைதான். பிரிவினைக்குப் பிறகான நாற்பத்தைந்து ஆண்டுகள் யாரும் கை வைக்க முடியாமல் கிடந்ததால்தான் தீவின் குறுக்கே அறுபடாத ஒரு பச்சைக் கோடு மிஞ்சியது.

தஞ்சோங் பகாருக்கோ இன்னொரு சோதனை காத்திருந்தது. எம்ஆர்டியின் வட்டப் பாதையை முழு வட்டமாக்கும் கடைசி மூன்று நிலையங்களில் ஒன்றான கன்டோன்மென்ட், இந்த நினைவுச்சின்னத்தின் நடைமேடைகளுக்கு அடியிலேயே அமைந்தது. பணிகளுக்காக 2017 முதல் பழைய நிலையம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. நடைமேடைக் கூரையின் பகுதிகளைக் கவனமாகப் பிரித்தெடுத்து, வேலை முடிந்ததும் பழைய இடத்தில் நிறுவ ஏற்பாடு செய்யப்பட்டது. இதை நான் வரவேற்கிறேன். 1932இல் ரயில் நிலையமாகப் பிறந்த கட்டடத்துக்கு மறுபடியும் ரயிலோடு உறவு கிடைப்பது, அதைக் கல்யாண மண்டபமாகவோ கடைத்தெருவாகவோ மாற்றுவதை விட நேர்மையான மறுவாழ்வு. ரயிலுக்காகத் தினமும் அந்த வழியே வருகிறவர்களின் பார்வையில் சுண்ணாம்பு உதிர்வதும் கூரை ஒழுகுவதும் தப்பாது.

எஞ்சியிருப்பது உள்ளே என்ன வைப்பது என்ற கேள்வி. முகப்பின் பளிங்குச் சிலைகளுக்கும் ஆர்ட் டெகோவுக்கும் விளக்கப் பலகைகள் தாமாகவே வந்துவிடும். கட்டடக்கலை ஆர்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1918இன் 999 ஆண்டுக் குத்தகையும் 1998இன் தலைகீழ்க் குடிநுழைவும் இரு அரசுகளுக்கும் சங்கடமானவை. ஆனாலும் அவை இல்லாமல் இந்தக் கட்டடம் ஏன் இன்னும் நிற்கிறது என்பதற்கே விளக்கம் கிடைக்காது. ஆகவே குத்தகைப் பத்திரத்தின் நகல் ஒன்று அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும். இயங்கும் நிலையில் ஒரு டோக்கன் பெட்டி வேண்டும், தொட்டுப் பார்க்கும்படியாக. ரப்பர் சித்திரத்தின் கீழே மந்தக்காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் ஒரு குறிப்பு வேண்டும். பாதையில் வேலை பார்த்த கடைசித் தலைமுறையினரில் மூத்தவர்கள் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருப்பார்கள். அவர்களுடைய குரலைப் பதிவு செய்யும் வேலை கூரையைத் திரும்பப் பொருத்தும் வேலையை விட அவசரமானது.